ஐப்பசி முதல் தை வரை: முதன்முறை ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தி வைப்பவர்களுக்கு

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிப் பொட்டு வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரை ஒரு ரவுண்டு வந்தாயிற்று. இனி ஒன்றிரண்டு வாரத்தில் வானம் கருத்துவிடும். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் கோபிப் பக்கம் வாய்க்கால் ஓரத்து ரோடெல்லாம் சேறுதான். எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று மேலே நிற்கும் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிப்பாகம் ஒரு சாண் உயரம்கூட இல்லாத, துணிக்கூரை போட்ட இரண்டு சீட் காரை அந்த ரோட்டில் இறக்க மனசு வராது. அப்புறம் கார்த்திகை, அதை அடுத்து பனி கொட்டும் மார்கழி. தை பிறக்கும் வரை கார் ஷெட்டில்தான்.

நான் இப்படி ஏழு மழைக்காலம் கடந்துவிட்டேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் ஆசை ஆசையாய் முதல் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, முதல் மழைக்காலத்தை எதிர்கொள்ளும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். காரை நிறுத்தி வைப்பது பற்றி நீங்கள் படிக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் மச்சான் நவம்பரில் காரை மூடினால் ஏப்ரலில்தான் திறப்பான். அங்கே வருடத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை கார் ஓடும் என்று நம்பர் பிளேட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். ரோட்டில் பனி உருக உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பு போய்விடும். கூலண்ட் உறைந்தால் இன்ஜின் வெடிப்பு விடும். இந்த மூன்று கவலையும் நமக்கு இல்லை. மார்கழி விடியலில்கூட நம் சமவெளியில் உறைகிற குளிர் கிடையாது. நமக்கு எதிரி ஈரம், எலி, சும்மா நிற்பது, இந்த மூன்றும்தான். மச்சான் சொன்னதை அப்படியே கேட்டு முதல் வருடம் கூலண்ட் உறையாமல் காக்கும் ஆண்டிஃப்ரீஸ் விகிதத்தைக் கவனமாகக் கலந்தேன். எலியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தக் கதை கீழே வரும்.

இடம் பார்ப்பது

எல்லா வேலைக்கும் முந்தியது இது. இடம் சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நிறுத்துபவர்கள், போன வருட மழைக்கு அங்கே தண்ணீர் ஏறியதா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அசோசியேஷன் ஆட்களைவிட அவருக்குத்தான் உண்மை தெரியும். தோட்டத்தில் இடம் உள்ளவர்கள் சாளையை ஒட்டிய குடோனையோ, பழைய மாட்டுக் கொட்டாயையோ யோசிப்பீர்கள். மாட்டுக் கொட்டாய் வேண்டாம். மண்தரை, சாணி மெழுகிய தரை இரண்டுமே மழைக்காலம் முழுக்க ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும்.

சிமெண்ட் தரையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மீட்டர் அளவுக்கு ஒரு சதுர பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் உரித்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் தரை ஈரம் விடுகிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் தடிமனான பாலித்தீனைத் தரை முழுக்க விரித்து, அதன்மேல் பழைய பிளைவுட் பலகைகளைப் போட்டு, அதில் காரை ஏற்றுங்கள்.

அப்புறம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உர மூட்டை இருக்கும் குடோனில் காரை நிறுத்தவே கூடாது. யூரியாவும் பொட்டாஷும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாஷ் ஒருவகை உப்புதான், இரும்பு பட்டால் விடாது. கோழிப்பண்ணைக்குப் பக்கத்திலும் வேண்டாம். நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கோழி எருவிலிருந்து வரும் அம்மோனியா தாமிரத்தையும் பித்தளையையும் அரிக்கும். காரின் வயரிங் முழுக்கத் தாமிரம்தானே.

என் கார் நிற்பது எங்கள் அப்பாரு மஞ்சள் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய குடோனில். மஞ்சளுக்கு ஈரம் ஆகாது என்பதால் தரையை இரண்டடி உயர்த்தி, சுவரில் மேலே மட்டும் சிறு ஜன்னல் வைத்துக் கட்டியிருக்கிறார். விளைபொருள் வைக்கக் கட்டிய பழைய கட்டடம் உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். புதிதாகப் போடும் தகர ஷெட்டைவிடப் பல மடங்கு தேவலை. தகரம் பகலில் காய்ந்து இரவில் குளிரும்போது உள்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் காரின்மேல் சொட்டும்.

ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே மாட்டுங்கள். விலை பெரிதில்லை. 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். 70 தாண்டினால் தோல் சீட்டிலும் துணிக்கூரையிலும் பூசணம் பிடிக்கும்.

நிறுத்தும் முன் செய்யவேண்டியவை

கழுவுவதில் தொடங்குவோம். பூஜையன்று வைத்த சந்தனம், குங்குமம், மஞ்சளை அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பெயிண்டில் கறை உட்கார்ந்துகொள்ளும். எலுமிச்சைச் சாறு அமிலம், அலாய் வீலில் தெறித்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளைப் புள்ளியாய்ப் படியும். மூன்று மாதம் கழித்து அதைத் தேய்த்தாலும் போகாது. கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் கடைசி இரண்டு குடமாவது நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். உடனே பனியன் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தைக் கையால் துழாவிப் பாருங்கள். வேப்பிலைச் சருகும் புளியிலையும் அங்கேதான் சேரும். அடியில் தண்ணீர் வடியும் துளை அடைபட்டால் நீர் காருக்குள் இறங்கும். துணிக்கூரைக் கார்களில் கூரை மடங்கும் இடத்திலும் இப்படி வடிகால் துளை உண்டு. கூரையை நன்றாகக் காயவைத்து, மேலே ஏற்றிப் பூட்டிய நிலையிலேயே நிறுத்துங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் சுருக்கம் விழும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்.

கழுவிய பிறகு, கார் வெளியிலும் உள்ளேயும் முழுதாகக் காய்வதற்காகவே இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். போகிற வழியில் டேங்கை நிரப்பிவிடுங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டேங்கில் வெற்றிடம் குறைந்தால் உள்ளே காற்றும் குறையும், ஈரமும் குறையும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஃப்யூல் ஸ்டெபிலைசர் கிடைத்தால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்போதுதான் அது பைப்பிலும் இன்ஜெக்டரிலும் போய்ச் சேரும்.

இன்ஜின் ஆயிலை நிறுத்தும் முன் மாற்றுங்கள், எடுத்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது மூன்று மாதம் பேரிங்கின்மேல் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும் பொருள்தான். இரண்டு வருடம் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே வகைக் கூலண்டையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

டயருக்கு வழக்கத்தைவிட ஏழெட்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்றுப் பிடியுங்கள். 32 என்றால் 40. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் நின்றால் தரையில் படும் பாகம் தட்டையாகிவிடும், கூடுதல் காற்று அதைக் குறைக்கும். காரை ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி வைக்கச் சிலர் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு அது தேவையில்லை. சக்கரம் தொங்கிக்கொண்டே இருந்தால் சஸ்பென்ஷன் புஷ்களுக்குத்தான் தொந்தரவு. அப்படியே டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

ஷெட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கைப் போடாதீர்கள். ஈரத்தில் பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பேட்டரி

புதியவர்கள் அதிகம் கையைச் சுட்டுக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரைப் பூட்டிவிட்டுப் போனாலும் அலாரம், சாவி ரிசீவர், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (Ah). உங்கள் பேட்டரி 60 ஆம்பியர்-ஹவர் என்றால் 25 நாளில் பாதி காலி. பாதிக்குக் கீழே போய் அப்படியே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். கார் நின்று பல மணி நேரம் கழித்து, இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி, அன்றைக்கே சார்ஜ் போடவேண்டும்.

நல்ல வழி, பேட்டரி மெயின்டெய்னர் என்று கிடைக்கும் சின்ன சார்ஜர். நிரம்பியதும் தானே குறைத்துக்கொண்டு மூன்று மாதமும் பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும். லாரி பேட்டரிக்குப் போடும் பழைய சார்ஜரை மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள், அது நிற்காமல் ஏற்றிப் பேட்டரியைக் கொதிக்கவிடும். தோட்டத்தில் பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சார இணைப்பிலிருந்து இதற்கு வயர் இழுக்க வேண்டாம். அது தப்பு. அதோடு, மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்கும். சாளை வீட்டு இணைப்பிலிருந்து, நல்ல சர்ஜ் புரொடெக்டர் வழியாக எடுங்கள்.

மின்சாரமே இல்லாத ஷெட் என்றால் பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஆனால் கழற்றும் முன் இரண்டு விஷயம். ஒன்று, பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பேட்டரி டிக்கியிலோ முன்பெட்டியிலோ இருக்கும், அந்த மூடி கரண்டில்தான் திறக்கும். கழற்றிவிட்டு மூடியைச் சாத்திவிட்டால் மறுபடி திறக்க மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். அவசரத்துக்குத் திறக்கும் வழி மேனுவலில் இருக்கும், முன்னாலேயே படித்து வையுங்கள். இரண்டு, கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத கதவாக இருந்தால் கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாக அரை அங்குலம் கீழே இறங்கும். கரண்ட் இல்லாவிட்டால் இறங்காது. அந்த நிலையில் கதவை ஓங்கிச் சாத்தினால் கண்ணாடி ரப்பரைக் கிழிக்கும்.

எலி

முதல் வருடம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியின்மேல் ஒரு கூடு. இன்ஜின் கவருக்கு அடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் தாளைக் கிழித்து, பருத்தி நூலும் சாக்குச் சணலும் சேர்த்து, உள்ளங்கை அளவுக்கு உருண்டையாக, குழித்து, அழகாகக் கட்டியிருந்தது. சுற்றிலும் நிலக்கடலைத் தோல். பக்கத்தில் சென்சாருக்குப் போகும் வயர் இரண்டு இடத்தில் தாமிரம் பளபளக்கத் தெரிந்தது. கூடு இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை இன்னும் என் விரல் மறக்கவில்லை.

எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும், அதற்கு உங்கள் வயரும் ஒன்றுதான், வேலிக் குச்சியும் ஒன்றுதான். வெளியே வயலில் தண்ணீர் நிற்கும்போது உலர்ந்த இடம் தேடி உள்ளே வரும். அதனால் மழைக்காலம்தான் எலிக்காலம்.

முதல் வேலை, ஷெட்டில் தின்ன எதுவும் இருக்கக் கூடாது. கடலை, கொப்பரை, தவிடு, மாட்டுத்தீவனம், நாய் பிஸ்கட் எல்லாம் வேறு இடத்துக்கு. காருக்குள்ளும் சாக்லேட் தாள்கூடக் கிடக்க வேண்டாம். அடுத்து, சுவரிலும் கதவின் அடியிலும் உள்ள ஓட்டைகளைக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலையால் அடையுங்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் வாயையும் சைலன்சர் வாயையும் அதே வலையைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். நம்மூரில் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. அடைத்ததை மறக்காமல் இருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வையுங்கள். எதை எதை அடைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்லது.

பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுவது நம் டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வது. வாசம் இருக்கும் வரை ஓரளவு பலன் தருகிறது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நான் அதையும் செய்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. பொறி வைப்பதுதான் உறுதியான வழி. சுவர் ஓரமாக, கருவாட்டுத் துண்டு வைத்து, தினமும் யாராவது பார்க்கும் இடத்தில் வையுங்கள். விஷம் வேண்டவே வேண்டாம். தின்ற எலி காருக்குள் போய்ச் செத்தால் மூன்று மாதம் ஆனாலும் நாற்றம் போகாது. வெளியே செத்தால் அதைத் தின்னும் ஆந்தையும் கீரியும் வீட்டு நாயும் சாகும்.

எலி மட்டும் அல்ல, மயிலும் உண்டு. இப்போது நம் தோட்டமெல்லாம் மயில்தான். பளபளக்கும் கதவில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்தித் தள்ளிவிடும். திறந்த கொட்டாயில் நிறுத்துபவர்கள் கட்டாயம் கவர் போட்டாகவேண்டும்.

கவர் என்றதும் நெல்லுக்குப் போடும் தார்ப்பாயை எடுத்து மூடிவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, காரை அவித்துவிடும். காற்றுப் புகும் பருத்தித் துணிதான் வேண்டும். அதற்கு நாம் எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை, திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. மிச்சம் விழும் பனியன் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி, வெள்ளை மட்டும் பொறுக்கி, ஒருமுறை துவைத்துக் காயவைத்து, டெய்லரிடம் கொடுத்தால் காரின் அளவுக்கே தைத்துத் தருவார். சாயத் துணி ஈரம் பட்டால் பெயிண்டில் இறங்கும், அதனால்தான் வெள்ளை. கூரையிலிருந்து சொட்டுகிற ஷெட் என்றால் கவரின்மேல் தார்ப்பாயைப் போடாமல், காருக்கு மேலே இரண்டடி உயரத்தில் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள்.

காருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு வையுங்கள். நீலம் மாறி ரோஸ் நிறமானால் வாணலியில் மெதுவாக வறுத்தால் மறுபடி நீலமாகும். ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைக்கச் சொல்லும் மேலைநாட்டு யோசனையை நான் ஏற்பதில்லை. அந்த ஓர் அங்குலம் இங்கே எலிக்கும் பல்லிக்கும் வாசல்.

இன்சூரன்ஸைப் பற்றி இரண்டே வரி. கார் நிற்கிறதே என்று காலாவதியாக விடாதீர்கள், 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சாதாரண பாலிசியில் இன்ஜினுக்குள் தண்ணீர் போனதற்குப் பணம் கிடைக்காது, அதற்குத் தனியாக ஆட்-ஆன் எடுக்கவேண்டும். ஷெட்டுக்குள் வெள்ளம் ஏறிவிட்டால் என்ன ஆனாலும் ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள்.

மூன்று மாதமும் என்ன செய்வது

ஊரில் எல்லோரும் சொல்வார்கள்: "வாரம் ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க." இதை மட்டும் கேட்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. சைலன்சர் முழுதாகச் சூடாகும் வரை அந்த ஆவி உள்ளேயே நீராகி நிற்கும். ஆயிலிலும் கொஞ்சம் இறங்கும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது காரின் வயிற்றில் தண்ணீரை ஊற்றி மூடுவதற்குச் சமம். செல்ஃப் எடுத்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்பவும் அந்த ஐந்து நிமிடம் போதாது.

ஆனால் மச்சானுக்கு இல்லாத ஒரு வரம் நமக்கு உண்டு. நம் ரோட்டில் உப்பு கிடையாது, அடைமழைக்கு நடுவிலும் நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்கும். ரோடு முழுதாகக் காய்ந்த ஒரு நாளாகப் பார்த்து, வலையால் அடைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை காரை எடுங்கள். எடுத்தால் முப்பது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஆயில் சூடாகி, ஈரம் ஆவியாகி, டயர் உருண்டு, பிரேக் துடைபட்டு வரட்டும். ஏசியைப் பத்து நிமிடம் போடுங்கள், கம்ப்ரஸரின் சீல் காயாமல் இருக்கும். அப்படி ஒரு நாள் அமையவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாமலே இருக்கட்டும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "ஓடுற வண்டி கெடாதுங்க, நிக்கிற வண்டிதானுங்க கெடும். நின்னாலும் நீங்க பக்கத்துல இருக்கோணும்." அதனால் வாரம் ஒருநாள், எனக்கு ஞாயிறு காலை, ஷெட்டில் ஒரு மணி நேரம். கவரை இழுக்காமல் முன்னிருந்து பின்னாகச் சுருட்டி எடுப்பேன், இழுத்தால் தூசி பெயிண்டைக் கீறும். ஈரப்பத மீட்டர், பேட்டரி வோல்ட், டயர் காற்று மூன்றையும் நோட்டில் எழுதுவேன். எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். கிளட்ச் பெடலைப் பத்து முறை மிதித்து விடுவேன், ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டையை எடுத்துவிட்டு, சக்கரம் கால் சுற்று உருளும்படி காரைத் தள்ளி நிறுத்துவேன். அப்புறம் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் வாசமும் பழைய மஞ்சள் வாசமும் கலந்த அந்தக் குடோனில் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்முனு இருப்பேன். இதை யாரும் கேலி செய்தாலும் விட்டுவிடாதீர்கள். காரோடு உறவு அறுபடாமல் இருக்க இது வேண்டும்.

மற்ற நாட்களில் கை பரபரக்கும்தான். நாம் இருப்பது மோட்டார் வாசம் அடிக்கும் மண்ணில். கோவையில் அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. மழை பெய்யும் ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே போய்ப் பழைய கார்கள் முன்னால் நின்று பாருங்கள், நேரம் போவதே தெரியாது. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கிய கரிவர்தன் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். ரேஸ் நடக்கும் நாளில் செட்டிபாளையம் போய் வேலி ஓரமாக நின்று பாருங்கள். முடிந்தால் கோ-கார்ட் என்னும் குட்டி ரேஸ் வண்டி ஓட்டிப் பழகுங்கள். தை மாதம் உங்கள் காரில் உட்காரும்போது கை இன்னும் தெளிவாக இருக்கும்.

காரின் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கவும் இதுதான் காலம். வாங்கி இரண்டு வருடம் ஆனவர்களுக்கும் தெரியாத பட்டன் ஒன்றாவது அதில் இருக்கும்.

தை பிறந்ததும்

கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை, கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை என்பார்கள். மழை நின்றாலும் மார்கழி முழுக்க விடியலில் பனி ஈரம் இருக்கும், அவசரப்படாதீர்கள். நான் மாட்டுப் பொங்கலன்று திறக்கிறேன். அப்பா மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கும் அதே வாசலில் காரும் வந்து நிற்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதலில் ஸ்டீயரிங் ரிப்பன். சைலன்சர், ஏர் ஃபில்டர் அடைப்புகளை எடுத்து, தாளில் ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். பானெட்டுக்குள் கூடு, கடித்த வயர், தளர்ந்த ஹோஸ் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு. டயர் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள், இதை மறந்து 40 பிஎஸ்ஐயில் வளைவில் போனால் பின்பக்கம் வழுக்கும். பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட வேண்டாம், ஒரு நிமிடத்தில் மெதுவாக நகர்த்துங்கள்.

டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். முதல் பத்துப் பதினைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்து, பிறகு சுத்தமாகிவிடும். டயர் தட்டையாகியிருந்தால் ஸ்டீயரிங் லேசாகத் துடிக்கும், இருபது கிலோமீட்டரில் ரப்பர் சூடாகி உருண்டைக்கு வந்துவிடும். அதற்கு மேலும் துடித்தால் டயர்க் கடையில் காட்டுங்கள்.

முதல் நாளே 27 கொண்டை ஊசி வளைவு உள்ள திம்பம் மலைக்கோ, ஆழியாரிலிருந்து 40 வளைவு ஏறும் வால்பாறைக்கோ போகாதீர்கள். பிரேக்கும் டயரும் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். நேரான, பழக்கமான ரோட்டில் முப்பது கிலோமீட்டர் போய், பாதி டேங்க் புதுப் பெட்ரோல் அடித்துக்கொண்டு திரும்புங்கள். மலைக்கு அடுத்த வாரம் போகலாம்.

வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் போய் அதை இழுத்துப் பாருங்கள். ஆயில் சொட்டோ, பச்சையாகக் கூலண்ட் சொட்டோ இருந்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று அட்டையில் பேனாவால் வட்டம் போட்டு, மெக்கானிக்கிடம் அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.